அமெரிக்காவில் லேப்... இங்கே ராயக்கோட்டை ராகி! - யானைக்குட்டி பிறக்க யார் செலவழிக்கிறார்கள்?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 ஏப்ரல் 14, கலிஃபோர்னியாவில் 5.2 அளவில் நிலநடுக்கம். சான் டியாகோ சஃபாரி பார்க்கில் வெயிலில் நின்றுகொண்டிருந்த ஆப்பிரிக்க யானைகள் முதலில் பதறி ஓடுகின்றன. அடுத்த சில நொடிகளில் பெரிய யானைகள் வட்டம் கட்டி, இரண்டு இளசுகளை நடுவில் தள்ளி, காதுகளை விரித்து வெளிப்பக்கம் பார்த்து நிற்கின்றன. ஸூலி என்ற ஏழு வயது பையன் மட்டும் 'நானும் பெரியவன்தான்' என்பதுபோல வட்டத்தின் ஓரத்திலேயே நிற்பான். எத்தனை ஸ்டேட்டஸ், எத்தனை ஹார்ட்டின்!

ராயக்கோட்டைக்காரர்களிடம் அந்த வீடியோவைக் காட்டினால் பெரிதாக ஆச்சர்யப்பட மாட்டார்கள். தளி, ஜவளகிரி பக்கமிருந்து இறங்கும் கூட்டம் தார்ச்சாலையைக் கடக்கும்போது, குட்டிகளை நடுவில் வைத்துப் பெரியவை சுவர் மாதிரி நடப்பதை வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தவர்கள் இங்கே நிறைய. ஆனால், அந்த வீடியோவில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வட்டம் கட்டிய அந்தப் பெரிய யானைகளில் சில அமெரிக்காவில் பிறந்தவை அல்ல. 2003-ல் சுவாசிலாந்திலிருந்து (இப்போது எஸ்வாட்டினி) விமானத்தில் கொண்டுவரப்பட்டவை.

ஏன் கொண்டுவந்தார்கள்? அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளில் ஆப்பிரிக்க யானைகள் போதுமான அளவுக்குக் குட்டி போடவில்லை. அதுதான் காரணம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெண் யானையின் சினைச்சுழற்சி 13 முதல் 18 வாரங்கள் வரை நீளும். அதாவது, வருடத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு வாய்ப்புதான். அதிலும் ஒரு வேடிக்கை. மற்ற விலங்குகளுக்குக் கருமுட்டை வெளிவரும் முன்பு ஒரு ஹார்மோன் ஒருமுறை உயரும்; யானைக்கு இரண்டுமுறை உயரும். முதல் உயர்வு வெறும் எச்சரிக்கை மணி. சுமார் மூன்று வாரம் கழித்து வரும் இரண்டாவதுதான் நிஜம். இதைக் கண்டுபிடித்த பிறகுதான் யானைக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்யும் வழியே திறந்தது. தினமும் ரத்தம் எடுத்து, முதல் உயர்வைப் பிடித்து, நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டும். 1999-ல் மிசூரி மாநிலத்தின் டிக்கர்ஸன் பார்க் மிருகக்காட்சிசாலையில் முதல் ஆசிய யானைக்குட்டி இப்படிப் பிறந்தது. அடுத்த வருடமே இண்டியானாபொலிஸில் முதல் ஆப்பிரிக்கக் குட்டி. கருத்தரித்தாலும் 22 மாதங்கள் சுமக்க வேண்டும்.

சுழற்சி சரியாக இருக்கும் யானைகளுக்கே இந்தக் கதை. அங்குள்ள ஆப்பிரிக்கப் பெண் யானைகளில் பெரும்பகுதிக்கு அந்தச் சுழற்சியே தடுமாறுகிறது, சிலவற்றுக்கு முழுமையாக நின்றுவிட்டது. ஹார்மோன் கோளாறு, உடல் எடை, கூட்டத்தில் அதற்கு இருக்கும் இடம் எனப் பல காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் அடுக்குகிறார்கள்.

இதில் உச்சம் 'புராஜெக்ட் ஃப்ரோஸன் டம்போ' என்ற திட்டம். காட்டு ஆண் யானைகளை மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்து, விந்தணு எடுத்து, உறைய வைத்துக் கண்டம் தாண்டி அனுப்பும் முயற்சி. பெர்லின் விஞ்ஞானிகள், பிட்ஸ்பர்க் மிருகக்காட்சிசாலை, பிரான்ஸின் போவால் எல்லாம் சேர்ந்து செய்தார்கள். தென்னாப்பிரிக்கக் காட்டு யானை ஒன்றின் உறைந்த விந்தணுவிலிருந்து 2013 செப்டம்பரில் வியன்னாவில் ஒரு குட்டி பிறந்தது. உறைய வைத்த விந்தணுவில் பிறந்த உலகின் முதல் யானைக்குட்டி அதுதான். விஞ்ஞானமாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஒரு மாப்பிள்ளையை அழைத்துவர இவ்வளவு பாடா என்றும் தோன்றாமல் இல்லை!

சரி, இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி குடும்பங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் இடங்களில் பன்னேருகட்டா உயிரியல் பூங்கா முக்கியமானது. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட யானைகள். குட்டிகளும் உண்டு, வருடத்துக்கு வருடம் பிறந்துகொண்டும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் அப்பா பூங்காவிலேயே இல்லை.

பகலில் நீங்கள் பார்க்கும் பெண் யானைகளை, மாலையானதும் மாவுத்தர்கள் ஒட்டியிருக்கும் காட்டுக்குள் மேயவிடுகிறார்கள். காலையில் சங்கிலித் தடம் பார்த்துப் போய்த் தேடி அழைத்துவருவார்கள். இடைப்பட்ட இரவில் காட்டுக் கொம்பன் வந்து போயிருப்பான். அல்ட்ராசவுண்டு இல்லை, மயக்க ஊசி இல்லை, விமான டிக்கெட்டும் இல்லை. முதுமலை தெப்பக்காட்டிலும் காலங்காலமாக இதுதான் வழக்கம். 'யானை டாக்டர்' என்று ஜெயமோகன் கதையில் நீங்கள் படித்திருக்கக்கூடிய டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தியும், பேராசிரியர் ராமன் சுகுமாரும், மற்றவர்களும் சேர்ந்து தென்னிந்திய வளர்ப்பு யானைகளின் பிறப்பு இறப்புக் கணக்கை ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டார்கள். காட்டோடு ஒட்டியிருக்கும் மரம் இழுக்கும் முகாம்களின் யானைகள், கோயில்களில் இருப்பவற்றைவிட நன்றாகவே இனப்பெருக்கம் செய்திருந்தன. 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் முகத்தில் அடிக்கிற மாதிரி. ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் ஆசியப் பெண் யானையின் ஆயுள் நடுமதிப்பு 18.9 வருடங்கள். மியான்மரில் மரம் இழுத்து உழைக்கும் யானைக்கு 41.7! அந்தக் கணக்கு பழைய நிலவரம், இப்போது வசதிகள் மேம்பட்டுவிட்டன என்கிறார்கள் மிருகக்காட்சிசாலைக்காரர்கள். ஓரளவு உண்மையும்கூட. 2016-ல் எஸ்வாட்டினியிலிருந்து மேலும் 17 யானைகள் அமெரிக்காவுக்குப் போயின. அதில் ஒரு பங்கைப் பெற்ற ஒமாகாவில், 2022 ஜனவரியில் ஒரே மாதத்தில் இரண்டு குட்டிகள் பிறந்தன. லேபில் அல்ல, கூடவே இருந்த ஆண் யானைக்கு. சேர்ந்தே வளர்ந்த பெண்கள், ஒரு திடமான ஆண், நடக்க இடம். இவை இருந்தால் அங்கேயும் நடக்கிறது.

இப்போதுதான் ராயக்கோட்டை கதைக்குள் வருகிறது.

பன்னேருகட்டா காடு தனித்தீவு அல்ல. ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி, காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தோடு சேர்கிறது. ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் இந்த வழியாக வந்து, ராயக்கோட்டை அருகே ஊடேதுர்கம் காப்புக்காட்டில் தங்கும். அங்கிருந்து ஓசூர் அருகே சானமாவு வரை போகும். பகலில் காடு, இரவில் வயல். ராகி, தக்காளி, பீன்ஸ், கோஸ்... மெனுவில் எல்லாம் உண்டு.

நிஷாந்த் சீனிவாசய்யா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் பன்னேருகட்டா, ஓசூர் உள்ளிட்ட பகுதியில் 248 ஆண் யானைகளைப் புகைப்படம் வைத்து அடையாளம் கண்டு ஆராய்ந்தார்கள். 2019-ல் வெளியானது அந்த ஆய்வு. வழக்கமாகத் தனியாகத் திரிய வேண்டிய இளம் ஆண்கள், பயிர் விளையும் மனித நிலப்பகுதிகளில் 'பாய்ஸ் கேங்' மாதிரி கூட்டு சேர்ந்து நிலையாக வாழ்கின்றன. சத்தான பயிர் தின்பதால் உடம்பும் தேறுகிறது என்று அது சொன்னது. ஆண் யானைக்கு உடம்பு தேறினால்தான் மதம் நன்றாகப் பிடிக்கும், மதம் பிடித்தால்தான் பெண் யானைகளிடம் மதிப்பு.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பன்னேருகட்டாவில் உங்கள் குழந்தை கைதட்டி ரசிக்கும் குட்டியின் அப்பா, எங்கள் ஊர்ப்பக்கத்து ராகியைத் தின்று உடம்பு தேற்றியவனாக இருக்கலாம். அமெரிக்காவில் லேப் செய்யும் வேலையை இங்கே காடும் வயலும் சேர்ந்து செய்கின்றன. வித்தியாசம், பில் யாருக்குப் போகிறது என்பதில்தான். 2016-ல் வாங்கிய யானைகளுக்காக, எஸ்வாட்டினியில் காண்டாமிருகப் பாதுகாப்புக்கென 4.5 லட்சம் டாலர் தருவதாக அந்த மூன்று அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளும் ஒப்புக்கொண்டன. அன்றைய மதிப்பில் சுமார் 3 கோடி ரூபாய். இங்கே ஒரே இரவில் ராகிப் போரை இழந்தவருக்கு அரசு விதிப்படி ஏக்கருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய். அதற்கும் வி.ஏ.ஓ., வனத்துறை, தோட்டக்கலைத்துறை என்று நடக்க வேண்டும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு வயலில் பந்தல் போட்டுப் பட்டாசோடு கண்விழிக்கும் குடும்பத்தின் தூக்கத்துக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

அந்தக் கோபம் எங்கே போய் முடிகிறது என்பதையும் இந்தப் பகுதி பார்த்துவிட்டது. 2023 மார்ச் முதல் வாரத்தில், ராயக்கோட்டையை அடுத்த மாரண்டஹள்ளி பக்கம், வயலுக்கு நேரடியாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன. கூடவே வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி, இறந்து கிடந்தவற்றையே சுற்றிச்சுற்றி வந்தன. சரியாக ஒரு வாரத்தில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தின் நாயகன் ரகு எந்த ஊர் தெரியுமா? இதே தேன்கனிக்கோட்டை வனப்பகுதி. அவனுடைய அம்மாவும் மின்சாரம் தாக்கித்தான் இறந்தாள். 2017-ல் தெப்பக்காட்டுக்குப் போனபோது உடம்பெல்லாம் புண். பொம்மன், பெள்ளி கைபட்டுப் பிழைத்தான். எல்லாக் குட்டிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆஸ்கர் கொண்டாட்டம் அடங்கும் முன்பே, தர்மபுரி மாவட்டத்தில் கிணற்றிலிருந்து மீட்டு தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோன ஆண் குட்டி, புட்டிப்பால் ஒத்துக்கொள்ளாமல் அதே மார்ச் மாதக் கடைசியில் இறந்துபோனது.

மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் விதிகள் கொண்டுவந்தது. நல்லது. சோலார் வேலியில் வருவது விட்டுவிட்டு வரும் துடிப்பு. யானைக்கு ஷாக் அடிக்கும், கொல்லாது. வீட்டு லைனைக் கொக்கி போட்டு இழுப்பது கொலை. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால், அந்த விவசாயியை மட்டும் கைது செய்துவிட்டுக் கதையை முடித்துக்கொள்வது எனக்கு வசதியான நியாயமாகத்தான் படுகிறது. ஏனென்றால் யானையின் வழியை அடைப்பது அவர் மட்டுமல்ல. பன்னேருகட்டாவைச் சுற்றிய சூழல் பாதுகாப்பு மண்டலத்துக்கு 2016-ல் முன்மொழியப்பட்ட பரப்பு 268.96 சதுர கிலோமீட்டர். 2020-ல் இறுதி அறிவிப்பு வந்தபோது அது 168.84 ஆகச் சுருங்கியிருந்தது. நூறு சதுர கிலோமீட்டர் காகிதத்திலேயே காணாமல்போனது. இந்தப் பக்கம் ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வரும் சாலையில் உத்தனப்பள்ளி, நாகமங்கலம் என்று தொழிற்சாலைகளும் சிப்காட் விரிவாக்கமும் ஒன்றையடுத்து ஒன்று. நிலம் தர மாட்டோம் என்று விவசாயிகள் மாதக்கணக்கில் போராடியதும் இதே ஊர்களில்தான். வேலைவாய்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கம்பெனி பஸ்களில்தான் போகிறார்கள். ஆனால், தொழிற்சாலை காம்பவுண்டைச் சுற்றிப்போகும் யானை அடுத்து ஏறுவது பக்கத்து ஏக்கர் ராகியில்தானே?

பூங்காவுக்குள் பிறக்கும் குட்டிகளுக்கும் இடம்தான் பிரச்னை. பெருகினால் வைத்துக்கொள்ள முடியாது. 2025 ஜூலையில் பன்னேருகட்டாவிலிருந்து சுரேஷ், கௌரி, ஸ்ருதி, துளசி என நான்கு இளம் யானைகள் கார்கோ விமானத்தில் ஜப்பானின் ஹிமேஜி சென்ட்ரல் பார்க்குக்குப் போயின. பதிலுக்குச் சிவிங்கிப்புலி, ஜாகுவார், பூமா, சிம்பன்சி, கபுச்சின் குரங்குகள் என்று ஒப்பந்தம். சான் டியாகோ யானைகள் எஸ்வாட்டினியிலிருந்து போன அதே பயணம், வேறு திசையில். பெண் யானை ஆயுள் முழுக்க அம்மாவின் கூட்டத்தோடு வாழ்கிற உயிர். கௌரி, ஸ்ருதி, துளசி மூன்று பேருக்கும் பத்து வயதுகூட ஆகவில்லை. நாளை அவை அங்கே குட்டி போடாவிட்டால், ரத்தப் பரிசோதனையும் உறைந்த விந்தணுவும்தான் அடுத்த அத்தியாயமா?

நான் கேட்பது சின்னக் கணக்குதான். பன்னேருகட்டா டிக்கெட் கவுன்டரில் விழும் பணத்தில், விலங்குப் பரிமாற்றத்துக்கு ஆகும் செலவில், தொழிற்சாலைகளின் சி.எஸ்.ஆர் நிதியில் ஒரு பங்கு, ஜவளகிரியிலிருந்து ஊடேதுர்கம் வரை ராகி இழப்பவருக்கு அந்த மாதமே கைக்கு வர வேண்டும். ஓசூர் வனக்கோட்டத்தில் ஆங்காங்கே போட்டிருக்கும் இரும்பு ரோப் வேலி, வயலை அடைக்கட்டும். யானை நடக்கும் வழியை அடைக்க வேண்டாம்.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் விடியற்காலை லாரி ஏற்றும் நேரத்தில், 'ராத்திரி எங்கே நிக்குதாம்?' என்பதுதான் முதல் பேச்சு. யார் நிற்கிறார்கள் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் வனத்துறைத் தகவலைப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். இந்த வருட ராகியும் இப்போது கதிர் பிடித்துவிட்டது.