நிலைக்காலிலிருந்து வந்த ஈசல்

மழை விட்ட ஓர் ஐப்பசி அந்தியில் கூடத்து நிலையின் அடியிலிருந்து ஈசல் கிளம்பியது. உள்ளே விளக்கை அணைத்தோம். வாசல் விளக்குக்குக் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தோம். காலையில் இறகுகளைக் கூட்டி அள்ளினோம். பிள்ளைகள் நால்வரும் அன்று ஊரில்தான் இருந்தோம். வெளியிலிருந்து வரும் ஈசல் வேறு, வீட்டுக்குள்ளிருந்து கிளம்பும் ஈசல் வேறு என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். கூட்டம் பெருகி, சில ஆண்டுகள் வேரூன்றிய பிறகே அது ஈசலை அனுப்பும்.

அதற்கு முன்பே பீரோவுக்குப் பின்னால் சுவரில் பென்சில் பருமனுக்கு மண்கோடு ஏறியிருந்தது. அம்மா துடைப்பத்தால் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவுவாள். கொஞ்ச நாளில் ஓரடி தள்ளி இன்னொரு கோடு வரும். காய்ந்த காற்று கறையானுக்கு ஆகாது. ஈரம் காத்துக்கொள்ளத்தான் அந்த மண் மூடி. அதை உடைத்தால் வேலைக்காரக் கறையான்கள் சில சாகும், மண்ணுக்கடியில் முட்டையிடும் தாய்க்கு ஒன்றும் ஆகாது. தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கோட்டின் மேலேயே சுண்ணாம்பு அடித்தோம்.

பழியை அம்மா தலையில் போட முடியாது. குளியலறைக் குழாய் கசிந்ததை அண்ணனும் பார்த்தார், நானும் பார்த்தேன். கழற்றிப்போட்ட பழைய கதவுகளையும் விறகையும் கொல்லைச் சுவரில் சாய்த்தது தம்பி. பூச்செடிக்காகச் சுவரை ஒட்டி மண் அணைத்தது தங்கை. ஈரம், மரம், மண் மூன்றையும் நாங்களே கொண்டு சேர்த்தோம்.

கொல்லைப்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்டியபோது மேஸ்திரி கேட்டார்: “கறையான் மருந்து அடிச்சுட்டுத் தளம் போட்டுடலாமா?” தளத்துக்குக் கீழே நிரப்பிய மண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கரைசல் ஊற்ற வேண்டும் என்கிறது ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தர விதி. டைல்ஸுக்கு மூன்று கடை ஏறி இறங்கிய நாங்கள், கண்ணில் படாத இடத்துக்கு எதற்குச் செலவு என்று விட்டுவிட்டோம். நால்வரும் போனில் பேசி, ஒரே மனதாக எடுத்த முடிவு.

தேக்குதானே என்ற தைரியமும் இருந்தது. வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. வெளிறுக்கு அந்தக் காப்பு கிடையாது. எங்கள் நிலையில் எது எவ்வளவு என்று யாரிடமும் கேட்டதில்லை.

அம்மா போன பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. பொங்கலுக்குத் திறப்போம், சாமி கும்பிடுவோம், பூட்டுவோம். ஒருவராவது விரலால் மரத்தைத் தட்டியிருக்கலாம். உள்ளே காலியான மரம் ஓசையிலேயே காட்டிக்கொடுத்திருக்கும். போன தை மாதம் மருந்தடிக்க வந்தவர் நிலைக்காலில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. வெள்ளிதோறும் அம்மா பூசிய மஞ்சள், காகிதம்போல் மிஞ்சியிருந்த மேல்தோலில் இன்னும் தெரிந்தது.

சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்து செலுத்தியாயிற்று. குழாயை மாற்றினோம், விறகை அப்புறப்படுத்தினோம்.

சுவர் அலமாரியில் அப்பாவின் நோட்டு ஒன்று இருந்தது. இந்த வீடு கட்டிய கணக்கு: மரம் எங்கே வாங்கியது, ஆசாரிக்கு எத்தனை நாள் கூலி, எல்லாம் எழுதியிருப்பதாகச் சொல்வார். அட்டை அப்படியே இருக்கிறது. திறந்தால் மண். எங்கள் நால்வரில் ஒருவரும் அதை ஒருமுறைகூடப் புரட்டிப் பார்த்ததில்லை.