பழசென்று சொல்லுகிறவன் யார்?

தாம்பரத்திற்கடுத்த இராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு தோழர் நம்மிடம் வந்து ஒரு சங்கதி சொன்னார். மூன்று வருஷத்திற்கு முன் தவணையில் வாங்கிய அவருடைய செல்போன் மத்தியானத்திற்குள் சார்ஜ் தீர்ந்து அணைந்து போகின்றதாம். வாங்கின கடையில் கொண்டுபோய்க் காட்ட, கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பாராமல், "இந்த மாடல் பழசாகிவிட்டது; புதிது எடுத்துக் கொள்ளுங்கள், தவணை போட்டுத் தருகிறேன்" என்றாராம். கையெழுத்துப் போடப் போன தோழருக்கு வீட்டு வாடகை ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். பிறகு வேளச்சேரி சாலையில் ஒரு சிறு கடையில் பேட்டரியை மட்டும் மாற்றினார். இன்று போன் நன்றாக வேலை செய்கின்றது. புதிய போனின் விலையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

இதில் கடைக்காரரை மட்டும் நொந்து பயனில்லை. அவர் மேலேயிருந்து சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒப்பிக்கின்றார். "பழசு" என்கின்ற அந்த வார்த்தையை உண்டாக்கி விற்பவர்கள் கம்பெனி முதலாளிகளேயாவார்கள்.

2016-ம் வருஷத்தில் ஆப்பிள் கம்பெனியார் ஐபோன் 7-ல், காதில் மாட்டும் ஒயரைச் சொருகுகின்ற துவாரத்தை எடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்வதற்குத் தங்களுக்குத் தைரியம் இருந்ததென்று மேடையேறிப் பெருமையும் பேசினார்கள். அவ்வருஷக் கடைசியிலேயே ஒயரில்லாமல் காதில் மாட்டிக் கொள்ளும் கருவியைத் தனி விலைக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். துவாரத்தை அடைத்தவரே அதற்கு மாற்றையும் விற்பதென்றால், அதற்குப் பெயர் தைரியமா, வியாபாரமா?

2020 அக்டோபரில் வந்த ஐபோன் 12-ன் பெட்டியில் சார்ஜரும் இல்லை. சுற்றுப்புறத்தைக் காப்பாற்றவே இப்படிச் செய்தோம் என்றார்கள். அதைக் கேலி செய்து விளம்பரம் போட்ட சாம்சங் கம்பெனியார், அடுத்த ஜனவரியில் தங்கள் கேலக்ஸி எஸ்21 பெட்டியிலிருந்தும் சார்ஜரை எடுத்துவிட்டார்கள். வேண்டாதவருக்குச் சார்ஜர் கொடுக்காமலிருப்பது நியாயமே. ஆனால் வேண்டுமென்று கேட்பவருக்குச் சும்மா கொடுத்திருக்கலாமல்லவா? அதற்குத் தனி விலை வைத்தார்கள். பூமியின் பேரில் உண்டான கருணை கல்லாப்பெட்டியில் வந்து முடிகின்றது.

நிற்க, பேட்டரி சங்கதிக்கு வருவோம். பேட்டரி பலவீனப்பட்ட பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்து வந்ததாக ஆப்பிள் கம்பெனியார் 2017 டிசம்பரில் ஒப்புக் கொண்டு மன்னிப்பும் கேட்டார்கள். போன் திடீரென்று அணையாமலிருக்கவே செய்தோம் என்பது அவர்கள் சமாதானம். அது உண்மையாகவே இருக்கட்டும். பேட்டரியை மாற்றினால் போதுமென்று வாங்கினவனுக்கு முன்னமே ஏன் சொல்லவில்லை? சொல்லாததால், போனே பழசாயிற்றென்று நம்பிப் புதிது வாங்கினவர்கள் எத்தனை பேரோ! 2018-ல் இத்தாலி தேசத்து அதிகாரிகள் இந்தக் காரியத்திற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டார்கள்.

இது புது வித்தையுமல்ல. 1924-லேயே மின்சார விளக்குக் கம்பெனிகள் ஜெனிவாவில் ஒன்று கூடி, பல்புகள் சுமார் 1,000 மணி நேரமே எரிய வேண்டுமென்று ஏற்பாடு செய்து கொண்டார்கள். அதற்கு மேல் எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! நல்ல சரக்குச் செய்வதே குற்றமென்று வைத்தவர்களின் வழியில் வந்த வியாபாரம் இது.

வாங்குகிறவன் கதி இப்படியென்றால், செய்கிறவன் கதி என்ன? தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கின்றது ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2006-ல் நோக்கியா தொழிற்சாலை துவங்கிற்று. நல்ல நாளில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்களும் வாலிபர்களுமே. தொடுதிரை போன் வந்த காலத்தில் முதலாளிகள் வழி தவறினார்கள். பிறகு செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாப்டுக்கு விற்றார்கள். வரி வழக்கில் சிக்கின இந்தத் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. யோசனை தப்பியது பின்லாந்தில். அடுப்பு அணைந்தது காஞ்சிபுரம் ஜில்லாவில். அதே இடத்தைப் பின்னால் வாங்கின சால்காம்ப் கம்பெனி இப்போது அங்கே செய்வது எதுவென்றால், பெட்டியில் இல்லாமல் போன அந்தச் சார்ஜர்தான்!

இதனால் நாம் விஞ்ஞானத்திற்கு விரோதிகளென்று யாரும் நினைக்க வேண்டாம். அயலூரிலிருக்கும் மகள் முகத்தைத் தாயார் பார்த்துப் பேசும்படி செய்த சாதனத்தை நாம் வரவேற்கின்றோம். விஞ்ஞானத்திற்குச் செலுத்த வேண்டிய மரியாதையை விளம்பரத்திற்குச் செலுத்தாதீர்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

சட்டம் உறுதியாயிருந்தால் முதலாளி வழிக்கு வருவான் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. எல்லாப் போனுக்கும் ஒரே மாதிரியான சி வகைச் சார்ஜர் துவாரம் இருக்க வேண்டுமென்று ஐரோப்பிய யூனியன் 2022-ல் சட்டம் செய்தது. அதுவரை ஆட்சேபித்து வந்த ஆப்பிள், 2023-ல் ஐபோன் 15-லேயே மாற்றிக் கொண்டது. விற்பனை நின்ற பிறகும் 7 வருஷத்திற்கு உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டுமென்ற விதியும் 2025 ஜூன் முதல் அங்கே அமுலில் இருக்கின்றது. நம் நாட்டிலோ 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்தது. தகவல் சொல்லும் தளம் வேறு, தண்டனை போடும் சட்டம் வேறு.

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை "பழசு" என்று ஒருவர் சொன்னால், என்ன பழசு, எந்தப் பாகம் கெட்டது, அதை மாற்ற என்ன ஆகும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் தவணைக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் உதிரிப் பாகத்திற்கொரு சட்டம் எப்போது என்று கேளுங்கள். நம் பணம் நம் வியர்வை. அது எப்போது செலவாக வேண்டுமென்று தீர்மானிக்க வேண்டியது நமது புத்தியேயன்றி, கம்பெனிக்காரன் போடும் காலண்டர் அல்ல.