பதினாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

தாலி கட்டும் நேரத்தில் அதிகாரிகளின் ஜீப் வந்து நிற்கிறது. பெண்ணுக்கு வயது பதினாறு; கல்யாணம் நிற்கிறது. பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஜீப் திரும்பிப் போகிறது. மறுநாள் பத்திரிகையில் செய்தி. அதற்கு மறுநாள் அந்தப் பெண் எங்கே? பள்ளிக்கூடத்திலா? இல்லை தோழர்களே! வேறு ஊர்க் கோயிலில் சத்தமில்லாமல் தாலி ஏறுகிறது. அல்லது பஞ்சாலை விடுதிக்கு வேன் ஏறுகிறாள்.

கம்பத்துக் கனவான்கள் சிலர் இதற்கு ஒரு வியாக்கியானம் வைத்திருக்கிறார்கள். கூலிக்கார ஜனங்களுக்குப் புத்தியில்லையாம், பெண்ணை அடக்கி வளர்க்கத் தெரியவில்லையாம், செல்போன் கெடுத்துவிட்டதாம். ஐயா, செல்போன் உங்கள் வீட்டுப் பெண்களிடமும்தான் இருக்கிறது. அவர்கள் மட்டும் காலேஜுக்குப் போகிறார்களே, எப்படி?

விடியற்காலை இருட்டில் எங்கள் ஊர்ச் சாலைகளில் வந்து நின்று பாருங்கள். ஏலத் தோட்டத்து ஜீப்புகள் ஆண்களையும் பெண்களையும் அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறுகின்றன. தாயும் தகப்பனும் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை ஒண்டியாக இருக்கும் பெண்ணுக்கு என்ன நேருமோ என்ற பயத்தில்தான் பெற்றவள் மாப்பிள்ளை தேடுகிறாள். புத்தி இல்லாததால் அல்ல, நாதி இல்லாததால்!

சட்டம் என்ன செய்கிறது? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு கைகழுவிவிடுகிறது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 முடிந்தால் அபாயமில்லாத வேலைக்கு விடலாம் என்கிறது. கல்யாணத்துக்கு 18. நடுவிலே இருக்கும் நாலு வருஷம் அவள் யார் பொறுப்பு? சர்க்காரிடம் பதில் இல்லை. ஆலை முதலாளியிடம் இருந்தது! ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டினார்கள். பஞ்சாலைத் தோழர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது: தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 6.3 பேர் தாயாகிவிட்டார்கள், அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். 2015–16-ல் இது 5. கூடியிருக்கிறது! மெட்டைத் தாண்டினால் கேரளம், அங்கே 2.4. அதே மலை, அதே மழை. ஆனால் அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் நீடிக்கிறார்கள்.

பதினாறு வயதில் உடம்பே வளர்ந்து தீரவில்லை. ரத்தசோகை, பிரசவ ஜன்னி, எடை குறைந்த பிள்ளை என்று ஆபத்துகள் வரிசையாக நிற்கின்றன. முதல் மாதமே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவள் வருவதில்லை. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். புருஷன் ஜெயிலுக்குப் போவான் என்று மறைக்கிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் பெயர், விலாசத்தை டாக்டர் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தச் சேதி எந்தக் காலனிக்கு வந்து சேர்ந்தது? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கோ 19 வயது நிபந்தனை போட்டார்கள். அதிகம் தேவைப்படுகிறவளுக்குத்தான் கதவடைப்பு!

நம்மையும் சொல்ல வேண்டும். கூலி உயர்வுக்கு வரிந்து கட்டும் நாம், இதை மட்டும் ‘குடும்ப விஷயம்’ என்று ஒதுக்கினோம். மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டு வந்த தோழர்கள் உண்டு; நானும் ஒரு முறை போயிருக்கிறேன். அடுத்த வருஷம் அதே பெண்ணின் பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்தபோதுதான் உறைத்தது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசக் கட்டாயக் கல்வியைச் சட்டமாக்கு என்று கேட்போம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பஸ் கேட்போம். 2014-ல் தொடங்கிய தேசிய இளம்பருவ நலத் திட்டம், ஊரிலுள்ள பிள்ளைகளையே பழக்கி மற்றப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வைப்போம் என்றது. சுருளிப்பட்டியில் அந்தப் பிள்ளைகள் யார்? நாராயணத்தேவன்பட்டியில் யார்? மே 1-ந் தேதி கிராம சபை கூடுகிறது. அன்று தோட்டத்துக்குப் போகாமல் வாருங்கள். பெயர்ப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். பட்டியல் இல்லையென்றால், இல்லை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.