பரிசுக்கு ஏன் இத்தனை அவசரம்?

2018 ஜூலையில் அடிஸ் அபாபாவிலிருந்து அஸ்மராவுக்கு மீண்டும் விமானம் பறந்தது. இருபதாண்டுகளாகப் பிரிந்திருந்த உறவினர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். துண்டிக்கப்பட்டிருந்த தொலைபேசி இணைப்பு திரும்பியதும், முன்பின் தெரியாத எண்களைக்கூட அழைத்து நலம் விசாரித்தார்கள். எரித்திரியாவுடன் சமாதானம் பேசிய எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுவுக்கு மறு ஆண்டே நோபல் அமைதிப் பரிசு. ஆனால், திறந்த எல்லைச் சாவடிகள் அதற்குள்ளாகவே மறுபடி மூடப்பட்டிருந்தன. 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் போர் மூண்டது. எரித்திரியப் படைகளும் அதில் இறங்கின.

2009-லும் இதே அவசரம்தான். பதவியேற்று ஒன்பது மாதம்கூட நிறையாத அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்குப் பரிசு அறிவித்தார்கள். ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்த ஒன்பதாம் நாள், அவர் ஆஸ்லோவில் அதைப் பெற்றுக்கொண்டார்.

நம்பிக்கைக்குத் தோள் கொடுக்கவும் பரிசு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். 1984-ல் தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டுட்டுவுக்குக் கொடுத்தபோது நிறவெறி ஆட்சி வீழ்ந்திருக்கவில்லை. ஆனால், பல்லாண்டுப் போராட்டம் அவர் பின்னால் இருந்தது. அபி, ஒபாமா விஷயத்திலும் அப்படியொரு சான்று கிடைக்கும்வரை நோபல் குழு பொறுத்திருக்கலாம். தகுதியானவர் இல்லை என்று 1948-ல் பரிசையே நிறுத்திவைத்த குழுதானே அது? டிக்ரே போரை நிறுத்தும் சிறப்புப் பொறுப்பு அபிக்கு உண்டு என்று 2022 ஜனவரியில் அக்குழு நினைவூட்டியது. கொடுத்த பரிசைத் திரும்பப் பெற விதிகளில் இடமில்லை.