மழைக்கு மீட்டர் உண்டா?

செல்போனில் ரேடியோ கேட்கிறேன் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. டேட்டாவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள் பார்ப்போம். பெரும்பாலும் பாட்டு அந்த நிமிஷமே நின்றுவிடும். அப்படியானால் நீங்கள் கேட்டது ரேடியோ இல்லை. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கம்பெனி வழியாக, உங்கள் ரீசார்ஜ் கணக்கில் வந்த சரக்கு அது. ரேடியோ என்பது மழை மாதிரி. பாத்திரம் வைத்தவனுக்குத் தண்ணீர். மழைக்கு யாரும் மீட்டர் வைத்ததில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல போன்களுக்குள் எஃப்.எம். வாங்கும் சில்லு ஏற்கெனவே இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அதை இயங்கவிடாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், அதை அடைக்காதீர்கள், வசதி இல்லாத போன்களில் சேர்த்துக் கொடுங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு எழுதியது. பேரிடர்க் காலத்தில் ரேடியோ உதவும் என்பதையும் அதில் காரணமாகக் காட்டியிருந்தார்கள். நல்ல கடிதம்தான். ஆனால் அது ஆலோசனை. ‘ஆணையிடப்படுகிறது’ என்பதற்கும் ‘அறிவுறுத்தப்படுகிறது’ என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கோப்பு எழுதியே தேய்ந்த என் விரல்களுக்குத் தெரியும்.

சரி, அவர்கள் திறக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். ‘சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ’ என்று ஒன்று வந்திருக்கிறது. சுருக்கமாக எஸ்.டி.ஆர். பென் டிரைவ் அளவில் ஒரு குச்சி. ஓ.டி.ஜி. கேபிள் வைத்துப் போனில் செருகி, ஒரு செயலியை ஏற்றினால் போதும், போனே ரேடியோ ஆகிவிடும். இந்தக் குச்சியின் கதையும் ரசமானது. ஐரோப்பாவில் கம்ப்யூட்டரில் டி.வி. பார்ப்பதற்காகச் செய்த மலிவுச் சாமான் இது. ரியல்டெக் கம்பெனியின் ஆர்டிஎல்2832யு என்ற சில்லு இதற்குள் இருக்கிறது. நம் தூர்தர்ஷனின் டிஜிட்டல் ஒளிபரப்பு அடுத்த தலைமுறை முறையில் அமைந்ததால் இங்கே அது டி.வி.க்கு உதவாது. ஆனால் 2012 வாக்கில் ஆர்வலர்கள் சிலர், இந்தச் சில்லு தான் வாங்கும் அலையை அப்படியே எண்களாக வெளியே கொட்டக்கூடியது என்பதைக் கண்டுபிடித்து, அதற்கு மென்பொருள் எழுதி இலவசமாக விட்டார்கள். அன்றிலிருந்து டி.வி. குச்சி ரேடியோக் குச்சி ஆகிவிட்டது.

எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ஊர்த் தறியை வைத்தே சொல்லிவிடலாம். பழைய வால்வு ரேடியோவும் டிரான்சிஸ்டரும், பாவில் ஆயிரம் இழை ஓடினாலும் ஒரே ஓர் இழையைத் தேடிப் பிடித்து இழுத்துக் கொடுத்தன. அதற்குத்தான் காயில், கேங் கண்டென்சர், திருகு எல்லாம். எஸ்.டி.ஆர். அப்படிச் செய்வதில்லை. ஒரு முழப் பாவை அப்படியே சேர்த்து அள்ளிக்கொள்கிறது. நொடிக்கு 24 லட்சம் தடவை அளந்து எண்ணாக்கிப் போனுக்கு அனுப்புகிறது. எந்த இழை வேண்டும் என்று பிரிப்பது போனுக்குள் நடக்கும் கணக்கு. காயிலும் கண்டென்சரும் செய்ததைக் கூட்டலும் பெருக்கலும் செய்கின்றன. அதனால்தான் திரையில் ஒரே பார்வையில் அக்கம்பக்கத்து நிலையங்கள் எல்லாம் ஒளிக்கோடுகளாக மேலிருந்து கீழே வழிகின்றன. காதால் தேடிய காலம் போய்க் கண்ணால் தேடலாம். காது மந்தமாகிவிட்ட என் வயதுக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சாதாரணக் குச்சி சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 வரை வாங்கும். எஃப்.எம். முழுவதும் அதில் அடக்கம். மத்திய அலையும் சிற்றலையும் வேண்டுமானால் அதற்கென்று வசதி செய்த குச்சியாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். குச்சி சூடாகும், போனின் சார்ஜையும் குடிக்கும். சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டையில் இதை மொட்டை மாடியில் வைத்துப் பார்ப்பவர் விரலைச் சுட்டுக்கொள்வார். ஏரியலுக்குக் காசு வேண்டாம். முக்கால் மீட்டர் செம்புக்கம்பி இரண்டு, ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி. கொடைக்கானல் எஃப்.எம். 100.5-க்கு அதுதான் அளவு. கொடைக்கானல் நமக்கு நூறு கிலோமீட்டர் போல இருந்தாலும், நிலையம் நிற்பது மலைமேல். நடுவில் மறைக்க நம் சமவெளியில் என்ன இருக்கிறது, சீமைக்கருவேலம் தவிர?

மத்திய அலை பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 936 என்றால் திருச்சி, 1197 என்றால் திருநெல்வேலி, 1269 என்றால் மதுரை என்று வீட்டு எண் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்த தலைமுறை நாம். இலங்கை வானொலியில் மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் நம் வீட்டு மனிதர்கள் போலப் பேசினார்கள். பி.பி.சி. தமிழோசை 1941-இல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சிற்றலையை விட்டுப் போயிற்று. யாரும் கேட்பதில்லை என்று காரணம் சொல்கிறார்கள். கேட்க முடியாமல் போனது ஏன் என்று யாரும் சொல்வதில்லை. எஸ்.டி.ஆர். திரையைப் பார்த்தால் தெரியும். வீட்டில் எல்.இ.டி. பல்பைப் போட்டால் திரை முழுக்கப் பனிமூட்டம் போல இரைச்சல். போன் சார்ஜர், டி.வி. பெட்டி, இன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு மூட்டம். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது குற்றவாளி என்று கண்ணுக்கே தெரிகிறது. அதே குச்சியோடு திருச்சுழிக்கு வெளியே ஒரு கண்மாய்க்கரையில் போய் உட்கார்ந்தேன். திரை துடைத்துவிட்டது போல் கறுத்து, நிலையங்கள் வெள்ளைக் கோடாக நின்றன. நம் கரிசல் காட்டின் வெறுமைக்கு இப்படியும் ஒரு மதிப்பு இருக்கிறது.

குச்சி வாங்காமலே பார்க்கவும் வழி உண்டு. ஆனால் இதற்கு டேட்டா வேண்டும், என் கட்சிக்கு இது கொஞ்சம் விரோதம்தான். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் ஏரியலையும் எஸ்.டி.ஆரையும் 2008 முதல் இணையத்தில் ஊருக்கெல்லாம் திறந்துவிட்டிருக்கிறது. இங்கிருந்தே விரலால் நகர்த்தி அங்கே விழும் அலைகளைக் கேட்கலாம். ஒரே நேரத்தில் பல பேர் ஆளுக்கொரு நிலையம் கேட்கலாம், சண்டை வராது. பிரெஞ்சு வழியில் படித்தவனாதலால் நான் முதலில் தேடிப்போனது நெட்டலையில் 162 கிலோஹெர்ட்ஸ். ஃபிரான்ஸ் ஆந்தேர் என்ற பிரெஞ்சு தேசிய வானொலியின் இடம் அது. 2016 முடிவோடு நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டார்கள். இப்போதும் அங்கே ஒரு கோடு நிற்கிறது. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்ள கடிகாரங்கள் நேரம் பார்த்துக்கொள்வதற்காக மட்டும் டிரான்ஸ்மிட்டரை வைத்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு நிறுத்திவிட்டுக் கடிகாரங்களுக்கு நடத்துகிறார்கள்!

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பிளஸ் டூ இயற்பியலில் நம் பிள்ளைகள் வீச்சுப் பண்பேற்றம், ஊர்தி அலை என்றெல்லாம் படிக்கிறார்கள். படம் வரைகிறார்கள், மார்க் வாங்குகிறார்கள். ஊர்தி அலையைக் கண்ணால் கண்ட பிள்ளை எத்தனை? எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். ட்வென்டே திரையில் ஒரு சிற்றலை நிலையத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

“தாத்தா, நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறக்கை மாதிரி இருக்கே?”

“பேசுறவர் மூச்சு விடுற வரைக்கும் பொறுத்துப் பாரும்மா.”

பேச்சு ஒரு நொடி நின்றது. இறக்கைகள் மடங்கின. நடுக்கோடு மட்டும் அசையாமல் நின்றது. “அப்ப இதுதான் ஊர்தி அலையா? புக்குல இருக்கிறது நெசமாவே இருக்கா?” என்று கேட்டாள். புத்தகத்தில் இருப்பது நிஜமாகவே இருக்கிறது என்று தெரிவதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. ஒரு குச்சி, ஒரு பழைய போன், இரண்டு கம்பி. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்து ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்திலும் இது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஸ்மார்ட் வகுப்புத் திரைக்குக் கொடுக்கும் காசில் இது சில்லறை.

பள்ளிப் பிள்ளைகள் வானத்தையும் கேட்கலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் சில சமயம் பேசும், சில சமயம் படம் அனுப்பும். நிலையம் வரும்போது ரேடியோ அலை சற்று மேலேயும் போகும்போது கீழேயும் நகர்வதைத் திரையில் பார்க்கலாம். டாப்ளர் விளைவுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? நம் இஸ்ரோவும் 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்று நாற்பது கிலோச் சொச்சம் எடையில் ஒரு குட்டிச் செயற்கைக்கோளை அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கென்றே அனுப்பியது. அதிலிருந்த இரண்டு கருவிகளில் ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்து மாணவர்.

நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். “வெள்ளம், புயல் வந்தால் உங்கள் குச்சியா காப்பாற்றும்?” காப்பாற்றாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். பல ஊர்களில் செல்போன் செத்துவிட்டது. அந்த மாதிரி இரவில் கையில் இருக்க வேண்டியது பேட்டரி போட்ட சின்ன டிரான்சிஸ்டர். எஸ்.டி.ஆரை அதற்கு மாற்றாக நான் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்தில் போன் சார்ஜைத் தீர்த்துவிட்டு உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. அந்த இரவுக்குத்தான் போனுக்குள் அடைபட்டிருக்கும் எஃப்.எம். சில்லு திறக்கப்பட வேண்டும் என்கிறேன். அதுவும் ஆலோசனையாக இல்லாமல் ஆணையாக. இயர்போன் வயரே அதற்கு ஏரியல். அந்த வயர் செருகும் துளையையும் இப்போது எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

இன்னொருவர் சட்டம் கேட்டார். நியாயமான கேள்வி. தபால் ஆபீசில் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தை நீட்டி வருஷா வருஷம் பணம் கட்டிய ஆட்கள் நாம். 1980-களில் அது ஒழிந்தது. இந்தக் குச்சி வாங்க மட்டும் செய்யும், அனுப்பாது. அனுப்ப வேண்டுமென்றால் அமெச்சூர் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். ஆனால் காதில் விழுகிறது என்பதற்காக எல்லாவற்றையும் கேட்கலாம் என்று ஆகாது. போலீஸ் பேச்சு, விமானப் பேச்சு இவற்றிலிருந்து ஒதுங்கிவிடுங்கள். பொது ஒலிபரப்பும் அமெச்சூர் அலையும் நமக்குப் போதும்.

திருச்சுழிப் பக்கத்துத் தலைமை ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். குச்சியும் கம்பியும் என்னுடையவை, பஸ் செலவும் என்னுடையது. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கண் டாக்டர்.