இரண்டு மருந்துகளும் ஒரு கையெழுத்தும்



ஒரு ஞாயிறு காலை திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஆம்பூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கோயில் வாசலில் நம்மை நிறுத்தினார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழில் அச்சிட்ட பன்னிரண்டு பக்கத் தாள்கள். அவருடைய தந்தை முப்பது ஆண்டுகள் தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்தவர். நுரையீரலில் புற்றுநோய் கண்டு, முதற் சிகிச்சை முடிந்து, எட்டு மாதங்கள் ஓரளவு நலமாக இருந்தார். இப்போது நோய் திரும்பிவிட்டது. வழக்கமாகக் கொடுக்கும் ஒரு மருந்து போதுமா, அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுப்பது மேலா என்று அறியும் ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என மருத்துவர் கேட்டிருக்கிறார்.

"ஐயா, ஒரு மருந்தைவிட இரண்டு மருந்து நல்லதுதானே? பிறகு சோதனை எதற்கு? எங்கள் அப்பாவைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்களோ என்று அம்மா பயப்படுகிறார்" என்றார் இளைஞர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொன்றும் உண்டு. அப்பாவுக்குப் புற்றுநோய் என்று நாங்கள் சொல்லவே இல்லை. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றே சொல்லி வைத்திருக்கிறோம். அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டால் போதாதா?" என்று கேட்டார்.

இவ்விரு கேள்விகளும் நம் பங்குகளில் பல வீடுகளில் எழக்கூடியவை. ஆகவே இம்மாதம் இவற்றைப் பற்றியே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல். வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை, இந்நோய் வந்த வீடுகளில் "தோல் வேலையால் வந்ததோ?" என்ற ஐயம் தவறாமல் எழுகிறது. குரோமியத்தில் ஆறு இணைதிறன் உடைய வகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு மேடு அச்சம் தருவது இதனால்தான். ஆனால் தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு மூன்று இணைதிறன் வகையைச் சேர்ந்தது. அதற்கு அத்தகைய சான்று இல்லை. தோல் தூசி மூக்கின் உட்பகுதியில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்பது தெரிந்த செய்தி. நுரையீரலுக்கு முதற் பகை பீடியும் சிகரெட்டும்தான். எனினும் வாழ்நாளில் ஒரு பீடியையும் தொடாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆகவே நோயாளியைப் பார்த்து, "நீயே தேடிக்கொண்டாய்" என்று எவரும் சொல்லலாகாது.

இனி முதற் கேள்விக்கு வருவோம். ஒன்றைவிட இரண்டு நல்லது என்று அவ்விளைஞர் நினைத்ததில் வியப்பில்லை. நம் பகுதி மக்கள் கண்ணாரக் கண்ட உண்மை அது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில், அதைத் தனியாகக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினர். சில மாதங்களில் கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறின. இரண்டாவது மருந்தைச் சேர்த்தபின்தான் வெற்றி நிலைத்தது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், இரு மருந்துகளை வீட்டிலிருந்தபடியே உண்டவர்களும் சானடோரியத்தில் தங்கி உண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததை 1959-இல் உலகிற்குக் காட்டியது. தொழுநோயிலும் இதே கதைதான். டாப்சோன் என்ற ஒற்றை மருந்து பல இடங்களில் தோற்கத் தொடங்கியபின், 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துக் கூட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதன் பயனைக் காட்பாடியை அடுத்த கரிகிரி மருத்துவமனையை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

புற்றுநோயிலும் கூட்டு மருந்துகள் அரிய வெற்றிகள் கண்டதுண்டு. நிணநீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஹாட்ஜ்கின் நோயை நான்கு மருந்துகளின் கூட்டால் குணப்படுத்த முடியும் என்று 1960-களில் அமெரிக்காவில் தெளிவாயிற்று. நுரையீரல் புற்றுநோயிலும், முதன்முறை வேதிச் சிகிச்சை தரும்போது, சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு இன்னொரு மருந்தைச் சேர்ப்பதே நெடுநாள் வழக்கம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. காசநோய்க் கிருமி நம் உடலுக்கு அந்நியமானது. புற்றுநோய் அணுவோ நம் உடலிலிருந்தே பிறந்தது. அதைத் தாக்கும் மருந்து, இரத்தம் ஊறும் எலும்பு மச்சையையும் குடலின் உட்தோலையும் தலைமுடியின் வேரையும் சேர்த்தே தாக்கும். நோய் திரும்பி வந்தவர் ஏற்கெனவே ஒருமுறை இந்தத் தாக்குதலைத் தாங்கியவர்; உடல் இளைத்தவர். எஞ்சியிருக்கும் புற்றணுக்களோ முதல் மருந்துக்குத் தப்பிப் பிழைத்தவை. இத்தகையவருக்கு இரண்டாவது மருந்து நன்மையைக் கூட்டுமா, துன்பத்தை மட்டும் கூட்டுமா என்பதை எந்த அறிஞராலும் அறையில் உட்கார்ந்தபடி சொல்ல இயலாது. கொடுத்து, ஒப்பிட்டு, எண்ணிப் பார்த்தே அறிய வேண்டும்.

எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது என்ன? நுரையீரல் புற்றுநோயில் பெரும்பான்மையாக வருவது "சிறு செல் அல்லாத" வகை. முதற் சிகிச்சைக்குப்பின் நோய் திரும்பியவர்களுக்கு டோசிடாக்செல் என்ற ஒற்றை மருந்து பயன் தருமா என்று ஆராய்ந்த முடிவு 2000-இல் வெளிவந்தது. துணைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 4.6 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். தகுந்த அளவில் அம்மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 7.5 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். பெரிய வெற்றியன்று, எனினும் மெய்யான வெற்றி.

ஒன்று இவ்வளவு செய்தால், இரண்டு எவ்வளவு செய்யும்! இவ்வாறு எண்ணிப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. அவற்றுள் ஆறு ஆய்வுகளின் விவரங்களை, எண்ணூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை, ஒன்றுசேர்த்துப் பார்த்த முடிவு 2009-இல் வெளியாயிற்று. ஒற்றை மருந்தில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. இரட்டை மருந்தில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குச் சுருங்கியது. படத்தைப் பார்த்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் ஆயுள் உறுதியாக நீண்டதாகத் தெரியவில்லை. இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தது மட்டும் இரட்டை மருந்து பெற்றவர்களிடம் மிகுதியாக இருந்தது. கட்டி சுருங்குவது வேறு, மனிதர் வாழ்வது வேறு என்ற பாடத்தை அந்நோயாளிகள் நமக்குக் கற்றுத் தந்தார்கள்.

அப்படியாயின் கூட்டு மருந்து வீண்தானா? அதுவும் அன்று. "சிறு செல்" வகை நோய் திரும்பியவர்களிடம் ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. முதற் சிகிச்சை நன்கு பலித்து, சில மாதங்கள் கழித்து நோய் திரும்பிய, உடல்வலு உள்ளவர்களை மட்டுமே அதில் சேர்த்தனர். மூன்று மருந்துகளின் கூட்டைப் பெற்றவர்களில் பாதிப் பேர் 18 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். டோபோடெக்கான் என்ற ஒற்றை மருந்தில் அது பன்னிரண்டரை மாதங்களே. ஆனால் இரத்த வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் காணும் ஆபத்து, கூட்டு மருந்தில் பன்மடங்கு மிகுதியாயிருந்தது.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இ.ஜி.எப்.ஆர். என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு முதற் சிகிச்சையாக ஜெபிட்டினிப் மாத்திரை மட்டும் தருவதா, அதனோடு வேதி மருந்துகளையும் சேர்ப்பதா என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 350 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். 2020-இல் வெளிவந்த முடிவின்படி, நோய் மீண்டும் வளராதிருந்த காலம் மாத்திரையில் 8 மாதம், கூட்டில் 16 மாதம். கடும் பக்கவிளைவுகளும் ஏறத்தாழ இருமடங்காயின.

ஆக, ஓரிடத்தில் கூட்டு வென்றது, ஓரிடத்தில் தோற்றது. எந்த வகை நோய், எத்தகைய உடல்நிலை, எந்த மருந்து என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. மருத்துவர் "தெரியாது, ஆராய்கிறோம்" என்று சொல்வது திறமைக் குறைவன்று, நேர்மை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்வதும் இதனால்தான். மருத்துவரின் விருப்பு வெறுப்பு அதில் புகலாகாது. மத்தியாசைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டதை நாம் அறிவோம். சீட்டு என்றாலே சூதாட்டம் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. அதற்கு நம் விடை சுருக்கமானது: தம்பி, உம் கையெழுத்துப் போதாது. தம் நிலையைப் புரிந்து முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக, அவருடைய மகனோ மனைவியோ சம்மதம் தர இயலாது. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரானால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். விளக்கத் தாளின் படியும் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் படியும் அவரிடம் தரப்பட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கலாகாது. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. சோதனை எலிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. எலியை யாரும் கேட்பதில்லை. உம் தந்தையைக் கேட்கிறார்கள்.

கேட்க வேண்டுமானால், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. "சொன்னால் மனம் உடைந்துவிடுவார்" என்று அன்பினால் மறைக்கிறோம். ஆனால் மறைப்பதால் அவர் தனிமையாகிறார். வீட்டில் பேச்சு சட்டென்று நிற்பதையும், மனைவி அடுப்பங்கரையில் கண்களைத் துடைப்பதையும் அவர் காணாமலா இருப்பார்? கடனைத் தீர்க்க, பகைத்த தம்பியோடு சமாதானமாக, பாவசங்கீர்த்தனம் செய்து நோயில் பூசுதல் பெற, அவருக்கும் காலம் வேண்டாமா?

1980 மே 5-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை இதில் நமக்கு வழிகாட்டுகிறது. வேறு போதிய மருந்து இல்லாதபோது, நோயாளியின் சம்மதத்தோடு, இன்னும் ஆய்வு நிலையிலுள்ள சிகிச்சையை நாடுவதில் குற்றமில்லை; அவ்வாறு ஏற்பவர் மனித குலத்திற்கு ஈகையும் செய்யக்கூடும் என்கிறது அது. அதே அறிக்கை, ஆபத்தும் பாரமும் மிகுந்த சிகிச்சையை ஏற்க எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்றும், அதை மறுப்பது தற்கொலைக்கு ஒப்பாகாது என்றும் சொல்கிறது. இரு வழிகளும் திறந்தே இருக்கின்றன. நடக்க வேண்டியவர் நோயாளி.

கையெழுத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும் அவ்விளைஞருக்குச் சொன்னோம். நோய் எந்த வகை? மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா? ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? இந்த ஆய்வு அளவிடுவது கட்டியின் சுருக்கத்தையா, ஆயுளையா, நோயாளியின் நலத்தையா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இது பதிவாகியிருக்கிறதா? மருந்து, ஸ்கேன், போக்குவரத்து, இவற்றின் செலவு யாருடையது? நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது? வலியும் மூச்சிரைப்பும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை இப்போதே தொடங்குமா?

மூன்று வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். தந்தையிடம் சொல்லிவிட்டாராம். அழுகை, ஆர்ப்பாட்டம் ஒன்றுமில்லை. வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த அவர், "மாதத்திற்கு எத்தனை நாள் போக வேண்டும்? உனக்கு எத்தனை நாள் சம்பளம் போகும்?" என்று கேட்டாராம். பிறகு அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் உரக்கப் படிக்கச் சொல்லி, இரண்டு இடங்களில் நிறுத்தித் திரும்பப் படிக்க வைத்தாராம்.

அவர் ஆய்வில் சேர்ந்தாரா என்பதை ஈண்டு எழுதவில்லை. அது அவருடைய முடிவு; எதுவாயினும் சரியான முடிவே. பல மாதங்களுக்குப்பின் அவ்வீட்டில் இப்போது எவரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.