இணையத்தில் கற்பிப்போர் கவனத்திற்கு

2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயால் பள்ளிக்கூடங்கள் அடைபட்டது முதல், கைத்தொலைபேசி நமது பிள்ளைகளுக்குப் பாதி உபாத்தியாயராகிவிட்டது. பள்ளிகள் திறந்து வருஷங்கள் பல சென்றும் அப்பழக்கம் நீங்கவில்லை. நீங்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயமுமன்று. ஆனால், பிள்ளை கேள்வியைத் தட்டியவுடன் முதலில் வந்து நிற்பது எது என்பதை நம்மவர் கவனிப்பதாகத் தெரியவில்லை. தேடுபொறியின் முதல் வரிசை புலமைக்குக் கிடைத்த ஆசனமன்று. பணம் கொடுத்து இடம் பிடித்த விளம்பரமும் அங்கே நிற்கும். பலர் பார்த்தனர் என்னும் ஒரே யோக்கியதையால் ஏறிவந்த காணொளியும் நிற்கும். இப்பொழுதோ, செயற்கை நுண்ணறிவு இயந்திரம் தொகுத்த விடை எல்லாவற்றுக்கும் மேலே அமர்ந்துகொள்கிறது. அது சரியாகவும் சொல்லும். இல்லாத நூலை உள்ளதென்று கூசாமலும் சொல்லும்.

நல்ல சரக்கு இல்லையா? தாராளமாயிருக்கிறது. மதுரைத் திட்டத்தார் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாய் வெளியிட்டு வருகின்றனர். தட்டெழுதிய தொண்டர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களையும் பெரும்பாலும் முகப்பிலேயே குறிக்கின்றனர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பொறியியல் பயில்வோர்க்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் தம் பெயரோடு நடத்தும் என்.பி.டெல் பாடங்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாகியுள்ள க்யூஆர் குறியைத் தொட்டுப் பார்க்காத வீடுகள் எத்தனையோ!

நிற்க. சோதிக்கும் முறை கடினமன்று. திருக்குறளுக்குப் பொருள் தேடும் மாணவனுக்கு எண்ணற்ற பக்கங்கள் அகப்படும். அவற்றுள் பல, தாம் தரும் உரை பரிமேலழகருடையதா, மு. வரதராசனாருடையதா என்று சொல்வதில்லை. உரையாசிரியர் பெயரை மறைத்த பக்கத்தை வகுப்பில் காட்டலாகாது. புளூட்டோ 2006-ஆம் வருஷத்திலேயே கோள்களின் வரிசையினின்று நீக்கப்பட்டது. கோள்கள் ஒன்பது என்னும் பழைய பக்கம் தேதியின்றி உலவினால் பிள்ளை என்ன செய்வான்? விக்கிப்பீடியாவை எவரும் திருத்தலாம். ஆதலின் அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், அதன் அடிக்குறிப்பைப் பற்றிக்கொண்டு மூலத்துக்குச் செல்வதே முறை.

ஆங்கிலம் பழகிய வீட்டுப் பிள்ளை வேறொரு தளத்தைத் திறந்து ஒத்திட்டுக்கொள்வான். தமிழ் மட்டுமே அறிந்தவனுக்கு உயர்தர விஞ்ஞானத்தில் ஒத்திட்டுப் பார்க்க இரண்டாவது தளம் கிடைப்பதே அருமை. டியூஷனுக்குப் பணமில்லாதவனும் பெரும்பாலும் அவனே. பிழையின் பாரம் முழுதும் அவன் தலையிலேயே விழுகிறது. இதைச் சில்லறை விஷயமென்று தள்ளுவோர் தமிழ்வழிக் கல்வியைப் பற்றி மேடையில் பேசிப் பயனென்ன?

பாடந்தோறும் அனுபவமுள்ள உபாத்தியாயர்கள் பார்த்துக் கையொப்பமிட்ட தளங்களின் ஜாபிதா ஒன்றைக் கல்வி இலாகா வருஷந்தோறும் வெளியிட வேண்டும். அதுவரை ஊர் வாசகசாலையாரும் சங்கத்தாரும் சும்மாயிருக்கலாகாது. உள்ளூர் உபாத்தியாயர்களைக் கூட்டிப் பத்துத் தளங்களைப் பார்த்து, மூன்றைத் தேர்ந்து பள்ளிச் சுவரில் ஒட்டுவதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் இதைச் செய்து முடிக்கலாம்.